கதிர் ஒடித்த பின் ஒரு மணி நேரம்

போன தை மாதம் ஒரு டின் ஸ்வீட் கார்னைப் பிரித்து, நீரை வடித்து, சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். லேபிளில் பெரிய எழுத்தில் 400 கிராம். தராசில் 240. மீதி, உப்பும் சர்க்கரையும் கரைந்த தண்ணீர். ஏமாற்று என்று சொல்ல முடியாது. வடித்த எடையும் அதே லேபிளில் பொடி எழுத்தில் இருந்தது. மணிகளை வாயில் போட்டபோது தெரிந்த குறைதான் எந்த எழுத்திலும் இல்லை. தோல் பல்லிடுக்கில் சிக்கியது. இனிப்பு இருந்தது, சோளத்தின் வாசனை இல்லை. நசுக்கினால் பால் வரவில்லை, சர்க்கரைத் தண்ணீர் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டின் இப்படி இல்லை என்பது என் நினைவு மட்டுமல்ல. சூப் வைக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அரை ஏக்கரில் அதே சோளம் நின்றுகொண்டிருந்தது. திருவண்ணாமலைக்கு அருகே எங்கள் கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கரும்பும்தான் பெரிய வெள்ளாமை. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் கால் ஏக்கர், அரை ஏக்கரில் ஸ்வீட் கார்ன் போடுகிறார்கள். பௌர்ணமிக்கு அண்ணாமலையைச் சுற்ற வரும் கூட்டத்துக்கு, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அவித்த கதிர் விலைபோகும். வயலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் டின் வாங்குகிறோம். இந்த அத்தியாயத்தை எழுதக் காரணம் அதுதான்.

பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பாட்டிமார் சோளம் என்றது களியும் கூழும் செய்த வெள்ளைச் சோளத்தை. கதிரில் வரிசையாக மணி பிடித்து, தோகைக்குள் இருப்பது மக்காச்சோளம். அதிலும் தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும் பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகள்தான் பெரிய வாடிக்கை. ஸ்வீட் கார்ன் அதே பயிரின் இனிப்பு வகை. கீழே சோளம் என்று வரும் இடமெல்லாம் இந்த இனிப்பு வகையையே சொல்கிறேன்.

டின்னில் என்ன மாறியது

குறை சொல்பவர்கள் தொழிற்சாலையைத் திட்டுகிறார்கள். மாற்றத்தின் பெரும் பங்கு விதையில் நடந்தது.

சாதாரண மக்காச்சோளத்தில் மணிக்குள் வரும் சர்க்கரை முற்ற முற்ற மாவாகிவிடும். அந்த வேலையைச் செய்யும் மரபணு ஒன்று பழுதுபட்டால் சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். அதுதான் இனிப்புச் சோளம். உலகம் முழுக்க நெடுங்காலம் டின்னில் அடைத்த பழைய ரகங்களில் இனிப்பு மிதமாக இருக்கும். ஆனால் மணிக்குள் நீரில் கரையும் ஒருவகை மாவுப்பொருள் நிறைய உண்டு. கடித்தால் பாலேடு மாதிரி கொழகொழவென்று வருவது அதனால்தான். 1953இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் வேறொரு மரபணுவை எடுத்துக் காட்டினார். அது பழுதான கதிரில் இனிப்பு இரண்டு மூன்று மடங்கு. மாவு ஏறாததால் விதை காய்ந்ததும் சுருங்கிப் போகும். இன்று விதைக் கடையில் ஸ்வீட் கார்ன் பாக்கெட்டைப் பிரித்தவர் சொத்தை விதையோ என்று சந்தேகப்படுவது அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான். இதை அதிஇனிப்பு வகை என்பார்கள்.

பழைய வகைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. கதிரை ஒடித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும். 30 டிகிரி சூட்டில் ஒரே நாளில் ஏறக்குறைய பாதி இனிப்பு போய்விடும். பனிக்கட்டிக் குளிரில் வைத்தால் அதே ஒரு நாளில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. அதிஇனிப்பு வகை அப்படியல்ல. குளிரில் வைத்தால் ஒரு வாரத்துக்கும் மேல் இனிப்பாகவே இருக்கும். லாரிக்கும் கிடங்குக்கும் கடை அலமாரிக்கும் இதைவிட வசதியான சரக்கு இல்லை. டின் தொழிலும் மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தது. இனிப்பு ஏறியது, மணி மொறுமொறுப்பானது, பாலேட்டுத் தன்மை போனது. உங்கள் நாக்கு கண்டுபிடித்த மாற்றம் இதுதான்.

தோல் தடிப்பாக இருப்பதற்குக் காரணம் வேறு, அது முற்றல். ஒரு வயலை ஒரே மூச்சில் அறுத்து ஆலைக்கு ஏற்றும்போது பதமான கதிரோடு முற்றிய கதிரும் போகும். மங்கிய நிறம், வேகவைத்த பழைய வாசனை ஆகியவை அதிகச் சூட்டில் அதிக நேரம் இருந்ததன் அடையாளம். டின்னின் உள்சுவரில் கறுப்புத் திட்டு கண்டால் பயப்பட வேண்டாம். சோளத்தில் உள்ள கந்தகம் தகரத்தைத் தொட்டால் அப்படிக் கறுக்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே பூச்சு பூசுகிறார்கள். டின் உப்பியிருந்தாலோ, விளிம்புத் தையலில் நசுங்கியிருந்தாலோ, திறக்கும்போது நுரையோடு பீய்ச்சினாலோ அந்த டின் வேண்டவே வேண்டாம். பிரித்த டின்னை அப்படியே பிரிட்ஜில் வைக்காமல் எவர்சில்வர் டப்பாவுக்கோ கண்ணாடிப் பாத்திரத்துக்கோ மாற்றுங்கள்.

கதிர் வாங்குவது

வீட்டுச் சோளம் டின்னை வெல்வது சமையலில் அல்ல, வாங்கும் நேரத்தில். வயலிலோ திருவண்ணாமலை உழவர் சந்தையிலோ விலை கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: எப்போது ஒடித்தது? நான் வழக்கமாக வாங்கும் அம்மா, "விடிகாலைல ஒடச்சதும்மா, தொட்டுப் பாரு, இன்னும் சில்லுனு கீது" என்பார். அவர் சொல்வது கணக்கு. விடியலில் ஒடித்த கதிருக்குள் இரவின் குளிர்ச்சி இருக்கும். மத்தியான வெயிலில் ஒடித்தது உள்ளே சூடேறிக் கிடக்கும். குவியலாகப் போட்டால் அந்தச் சூடு இறங்காது, இன்னும் ஏறும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் வாங்குவதை நான் விட்டுவிட்டேன்.

தோகையை உரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தால் அந்தக் கதிர் விற்பவருக்கு நஷ்டம். உரித்ததிலிருந்து மணி வாடத் தொடங்கும். உரிக்காமலே பார்க்க முடியும். நுனியில் உள்ள முடி பழுப்பாகி, ஆனால் அடியில் ஈரப்பசையோடு இருக்க வேண்டும். தோகை பச்சையாக, கதிரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒடித்த காம்பு வெளுத்த ஈரமாக இருந்தால் இன்றைய கதிர். பழுப்பேறிக் காய்ந்திருந்தால் நேற்றையது. நுனியைப் பெருவிரலால் அழுத்தினால் கூராக இல்லாமல் உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும்.

நகத்தால் மணியைக் கீறிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பால் வந்தால் பதம், மாவாக வந்தால் முற்றல் என்பது சரி. ஆனால் அதிஇனிப்பு வகையில் பதமான மணியிலும் பால் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். தண்ணீராக இருக்கிறதே, பிஞ்சு போல என்று நல்ல கதிரை ஒதுக்கிவிடாதீர்கள். பூ முடி வெளியே வந்து 18 முதல் 24 நாளுக்குள் ஒடிப்பதுதான் பதம்; கோடையில் முன்னதாகவே வந்துவிடும்.

வீட்டுத் தோட்டத்தில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக் கொல்லையில் தீவன மக்காச்சோளம் பூத்திருந்தால், அந்த மகரந்தம் உங்கள் கதிரில் விழுந்து, மணி அந்த வருடமே மாவாகிப் போகும். விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும், காரணம் காற்று. இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி இரண்டு வாரம் முன்பின் விதையுங்கள். ஒற்றை வரிசையாகவும் போடாதீர்கள். நான்கு வரிசை சதுரமாக நின்றால்தான் மகரந்தம் சரியாக விழுந்து, கதிர் பொக்கையில்லாமல் மணி பிடிக்கும். 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இந்தப் பயிரை விடுவதில்லை. குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் தெரிந்தால் அன்றே பார்த்துப் புழுவைப் பொறுக்கிவிடுங்கள். உண்ணப்போகும் கதிரில் கடைசி நேர மருந்தடிப்பு கூடாது.

மூன்று நாளுக்கு

டின் சோளத்தின் வசதி, திறந்தவுடன் போடலாம் என்பதுதான். அந்த வசதியை வீட்டில் செய்துகொள்ள அரை மணி நேரம் போதும்.

நான்கு கதிரை உரித்து, முடியைத் துடைத்து, இட்லிப் பானையில் எட்டு நிமிடம் ஆவியில் வையுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் இனிப்பில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். ஆறியதும் கதிரைத் தட்டில் நட்டு நிறுத்தி, கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவுங்கள். மணியின் முழு ஆழத்துக்கும் வெட்ட ஆசைப்பட வேண்டாம். முக்கால் ஆழம் போதும். அதற்குக் கீழே உள்ள சக்கைதான் டின் சோளத்தில் பல்லில் மாட்டும் அந்த வெள்ளைச் செதில். ஒரு நடுத்தரக் கதிரில் முக்கால் முதல் ஒரு கப் மணி கிடைக்கும்.

இரண்டு கப் மணிக்கு ஒரு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மணியைப் போட்டு, மீண்டும் கொதி வந்து இரண்டு நிமிடத்தில் இறக்கி, சீக்கிரம் ஆறவைத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் பிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் வரை சூப்புக்கும் சாலட்டுக்கும் சுண்டலுக்கும் இதையே எடுத்துப் போடலாம். அன்று ஒடித்த கதிரானால் சர்க்கரையே வேண்டாம். நான் போடுவதில்லை.

சீவிய கட்டையை எறியாதீர்கள். நான்கு கட்டையை உடைத்துப் போட்டு, ஒரு துண்டு இஞ்சி, ஐந்தாறு மிளகோடு அரை மணி கொதிக்கவிட்டு வடித்தால் வருவது சூப்புக்கான சாறு. டின்னில் இல்லாத வாசனை முழுக்க அந்தக் கட்டையில் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு

கதிர் மலிவாக வரும் வாரத்தில் இருபது முப்பதாக வாங்கி உறைய வைப்பதுதான் டின்னுக்கு உண்மையான மாற்று. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பச்சை மணியை அப்படியே கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் சில வாரத்தில் வைக்கோல் வாசம் வரும். குளிர், மணிக்குள் இருக்கும் நொதிகளின் வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. நிறுத்துவது கொதிநீர். ஆகவே பெரிய குண்டானில் நாலு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நான்கைந்து கதிராக முழுசாகப் போடுங்கள். மீண்டும் கொதி வந்ததிலிருந்து நாலு நிமிடம், கடிகாரம் பார்த்து. எடுத்தவுடன் ஐஸ் போட்ட தண்ணீரில் முக்குங்கள். குழாய்த் தண்ணீர் நம் ஊர்க் கோடையில் வெந்நீராகவே வரும், அது உதவாது. முந்தின நாளே இரண்டு கிண்ணம் தண்ணீரை உறைய வைத்துவிடுங்கள். வெந்த நேரத்துக்குக் குறையாமல் குளிரட்டும். உள்ளே கட்டை சூடாக இருந்தால் மணி தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும்.

பிறகு சீவி, சுத்தமான துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காக ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். மணிகள் தனித்தனியாகக் கல் போல ஆனதும் கவரில் அள்ளி, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு வேளைக்குத் தேவையான அளவுக்கு ஒரு பொட்டலம். மேலே தேதி. நேராகக் கவரில் போட்டால் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு கைப்பிடி வேண்டுமென்றாலும் முழுப் பொட்டலத்தையும் இளக்க வேண்டிவரும்.

−18 டிகிரி நிலையாக நிற்கும் ஃப்ரீசரில் இது எட்டு மாதத்துக்கும் மேல் இருக்கும். நம் வீடுகளில் அடிக்கடி கதவு திறக்கிறது, கரண்டும் போகிறது. இரட்டைக் கதவு பிரிட்ஜ் என்றால் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கதவு பிரிட்ஜில் உள்ளே ஒரு பெட்டி மட்டும் இருந்தால் ஒரு மாதம். நெடுநேரம் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். வந்த பிறகு பாருங்கள்: மணியில் ஐஸ் துகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறையவிடலாம். இளகியிருந்தாலும் தொட்டால் பிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர்ச்சி இருந்தால் அன்றே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். வெதுவெதுப்பாக ஊறிக் கிடந்தால் எருக்குழிக்குத்தான்.

சமைக்கும்போது இளக வைக்க வேண்டாம். உறைந்தபடியே கொதிக்கும் சூப்பிலோ சூடான வாணலியிலோ போடுங்கள்.

வெயிலில்

ஃப்ரீசர் இல்லாத வீட்டுக்கு வெயில் இருக்கிறது. மேலே சொன்னபடி கொதிநீர் காட்டிச் சீவிய மணியில் இரண்டு கப்புக்கு அரை டீஸ்பூன் உப்பு பிசிறி, வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே கொசுவலைத் துணி போர்த்தி மாடியில் காயவையுங்கள். மாசி கடைசியிலிருந்து வைகாசி வரை மூன்று வெயில் போதும். வெயில் இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். சர்க்கரை அதிகமான மணி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரவுப் பனியில் விட்டால் மறுநாள் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

வற்றிய மணி எவர்சில்வர் டம்ளரில் போட்டால் கூழாங்கல் மாதிரி சத்தம் எழுப்ப வேண்டும். பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் பாருங்கள். கண்ணாடியில் துளி ஈரம் தெரிந்தால் மறுபடி வெயில். சமைக்க ஒரு கப் மணியை இரண்டரைக் கப் வெந்நீரில் நாலு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில். டின் சோளம் போல இராது. வறுத்த சோளத்துக்கு நெருக்கமான ஆழ்ந்த ருசி வரும். குருமாவுக்கும் காரக்குழம்புக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

பூசணம் கண்ட மணியை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைச் சமைக்கும் வேலை கூடாது. மல்லாட்டை விளையும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கசக்கும் பருப்பில் இருக்கும் அதே அஃப்ளடாக்சின் நஞ்சு சோளத்திலும் வரும், சமையல் சூட்டில் அழியாது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று, கல்லீரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

கிரீம் சோளம்

டின்னில் வரும் கிரீம் சோளத்துக்கு மாற்று கேட்டுப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஸ்வீட் கார்னை அரைத்துக் காய்ச்சினால் கெட்டியாவதில்லை. கெட்டியாக்கும் மாவு அதில் இல்லையே. கார்ன் ஃப்ளோர் கரைத்து ஊற்றலாம், ஆனால் பசை வாசனை வரும். நான் கண்ட வழி, மூன்று ஸ்வீட் கார்னுக்கு ஒரு தீவன மக்காச்சோளத்தின் இளங்கதிர். நான்கையும் தேங்காய்த் துருவியில் துருவி, கட்டையைக் கத்தி முதுகால் வழித்து, அரை கப் பாலோடு சிறு தீயில் பத்து நிமிடம் கிளறுங்கள். பழைய ரகத்தின் பாலேடு திரும்பி வரும். இதை அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

பாட்டிலில் அடைக்கக் கூடாது

ஊறுகாய் போடத் தெரிந்த கைக்கு அடுத்த ஆசை, சோளத்தையும் உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பது. ஒருவர் குக்கரில் பாட்டிலை வைத்து விசில் விட்டால் போதும் என்று என்னிடம் சொன்னார். போதாது.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. அதன் வித்து கொதிநீரில் சாகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். ஊறுகாயில் புளிப்பு அதைத் தடுக்கிறது; சோளத்தில் புளிப்பே இல்லை. அந்த வித்தைக் கொல்ல 121 டிகிரி வேண்டும், அதுவும் மணியின் நடு வரை. அதற்கென்றே செய்த பெரிய அழுத்தப் பாத்திரத்தில் அரை லிட்டர் பாட்டிலுக்கு 55 நிமிடம் என்பது சோதித்து வகுத்த கணக்கு. நம் சமையல் குக்கருக்கு அப்படியொரு சோதித்த கணக்கு இல்லை. சோளத்தை டின்னில் அடைக்கும் முறைக்கு ஐசக் வின்ஸ்லோ அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1862இல். டின்கள் ஏன் உப்பிக் கெடுகின்றன என்பதை 1890களில் பிரெஸ்காட், அண்டர்வுட் என்ற இருவர் எம்.ஐ.டி.யில் ஆராய்ந்த பிறகுதான் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது பிடிபட்டது. தொழிற்சாலைகளுக்கே அத்தனை வருடம் பிடித்தது. டின் சோளத்தின் ருசியில் எனக்கு ஆயிரம் குறை உண்டு. இந்த ஒரு காரியத்தில் அதை நம்பலாம், வீட்டுப் பாட்டிலை நம்ப முடியாது.

இந்த நஞ்சுக்கு நாற்றம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பாட்டில் தெளிவாக, நல்ல வாசனையோடும் இருக்கலாம். நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும்.

ஏற்கெனவே யாராவது அப்படி அடைத்து அலமாரியில் வைத்திருந்தால், திறந்து ருசி பார்க்காதீர்கள். மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், கோழிக்குப் போடாதீர்கள். அவற்றையும் இந்த நஞ்சு கொல்லும். மூடியைத் தொடாமல், பாட்டிலோடு கவரில் கட்டி, ஆழமாகக் குழி தோண்டி மூடிவிடுங்கள்.